எல்லோருக்கும் இடமுள்ள நத்தார்த் தட்டு



திருவருகைக் காலத்தின் முதலாவது மெழுகுதிரி ஏற்றப்பட்டதும் நமது குடும்பங்களில் இருவகை ஆயத்தங்கள் தொடங்கிவிடுகின்றன. ஒன்று ஆலயத்தைச் சார்ந்தது. பாலன் குடில் அமைத்தல், கரோல் கீதப் பயிற்சி, ஒப்புரவு அருட்சாதனம் என அது விரிந்து செல்லும். மற்றையது அடுப்படியைச் சார்ந்தது. பயறு வறுபடும் வாசனையும், முறுக்கு உரலின் ஓசையும், கேக்குக்கு முந்திரிகை வற்றல் நறுக்கும் சிறுவர்களின் களவுத் தீனியும் அந்த ஆயத்தத்தின் அடையாளங்கள்.

குருக்களாகிய நாம் மறையுரைகளில் முதலாவது ஆயத்தத்தைப் பற்றியே பேசுகிறோம். இரண்டாவதை மார்த்தாவின் வேலை என்று எண்ணி அப்பால் விட்டுவிடுகிறோம். நானும் பல ஆண்டுகள் அவ்வாறே இருந்தேன். அடுப்படியில் நடப்பதும் ஆன்மிகத்தின் ஒரு பகுதியே என்பதை எனக்குக் கற்பித்தவர் ஒரு முதியவர். அதற்கு அவர் கொடுத்த விலை பெரியது.

முதியவர் சொன்ன பதில்

சில ஆண்டுகளுக்கு முன்னர் வன்னிப் பகுதியில் ஒரு பங்கில் பணியாற்றினேன். அங்கே தபால் சேவையிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் இருந்தார். நாள்தோறும் காலைத் திருப்பலிக்கு முன்னர் செபமாலையை வழிநடத்துபவர் அவரே. ஏறக்குறைய இருபது ஆண்டுகளாக அவருக்கு நீரிழிவு நோய் இருந்தது. அவ்வாண்டு நத்தாரை முன்னிட்டு, பங்கிலுள்ள முதியோர் ஒவ்வொருவருக்கும் ஓர் அன்பளிப்புப் பொதி வழங்கத் தீர்மானித்தோம். கேக் துண்டுகள், கிறீம் பிஸ்கட் பொதிகள் இரண்டு, இனிப்புப் பானம் ஒரு போத்தல். ஐம்பதுக்கும் மேற்பட்ட பொதிகளை இளைஞர்கள் கட்டினார்கள். நானே வீடு வீடாகச் சென்று கையளித்தேன். நல்லதொரு பணி செய்த நிறைவோடு அன்றிரவு உறங்கினேன்.

ஜனவரி மாத நடுப்பகுதியில் அவரைச் சந்திக்க வைத்தியசாலைக்குச் செல்ல நேர்ந்தது. வலது காலில் இரண்டு விரல்கள் அகற்றப்பட்டிருந்தன. விழாக் காலத்தில் காலில் ஏற்பட்ட ஒரு சிறு புண்ணை எவரும் கவனிக்கவில்லை. கிளினிக்குக்குச் செல்ல வேண்டிய நாளும் பண்டிகைப் பரபரப்பில் தவறிவிட்டது. குருதியில் சீனியின் அளவோ கட்டுமீறி ஏறியிருந்தது. பலகாரங்களை ஏன் தவிர்க்கவில்லை என்று சற்று உரிமையோடு கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்:

“அதுகள் ஆசையாக் கொண்டுவந்து தருகுதுகள், சுவாமி. வேண்டாம் எண்டு சொன்னால் மனம் நோகுமெல்லே? நீங்கள் தந்த பார்சலையும் நான்தான் சாப்பிட்டு முடிச்சனான். சுவாமியார் தந்ததை எறியிறதே?”

அவ்வார்த்தைகள் என்னைச் சுட்டன. ஒரு கிழமைப் பலகாரத்தால் மாத்திரம் வந்த வினை இதுவன்று, பல ஆண்டுக் காலக் கவனக்குறைவும் சேர்ந்தே இது நேர்ந்தது என்று வைத்தியர் எனக்கு விளக்கினார். அது உண்மையே. ஆயினும் அந்த மனிதருக்கு நீரிழிவு இருப்பதை நான் நன்கு அறிந்திருந்தேன். அறிந்திருந்தும் அவர் கையில் சீனிப் பொதியை வைத்து, ஆசீரும் அளித்துவிட்டு வந்தேன். எனது பொதியில் அன்பு இருந்தது. அந்த அன்பைப் பெறுகின்றவர் யார் என்ற எண்ணந்தான் அதில் இருக்கவில்லை.

விருந்தினரை அறிதலே விருந்து

திருவிவிலியம் உணவைக் குறித்துப் பேசும் இடங்களை அதன்பின்னர் மீண்டும் வாசித்துப் பார்த்தேன். தொழுகைக்கூடத் தலைவர் யாயீரின் மகளை ஆண்டவர் உயிர்ப்பித்த நிகழ்வை மாற்கு நற்செய்தியின் 5ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். வீடே வியப்பில் மூழ்கியிருக்க, சிறுமிக்கு உண்ணக் கொடுக்குமாறு இயேசு பணிக்கிறார். பன்னிரண்டு வயதுப் பிள்ளை நோயுற்றுக் கிடந்தது. அதற்குப் பசிக்கும் என்பதை அந்தப் பெருங்கூட்டத்தில் நினைத்தவர் அவர் ஒருவரே.

உரோமையருக்கு எழுதிய திருமுகத்தின் 14ஆம் அதிகாரத்தில் புனித பவுல் உணவு பற்றிய பிணக்கு ஒன்றைத் தீர்த்துவைக்கிறார். நாம் உண்ணும் உணவு நமது சகோதரரின் மனத்தைப் புண்படுத்துமாயின், நாம் அன்பின் வழியில் நடப்பவர்கள் அல்லர் என்பதே அவரது முடிவு. அவர் பேசியது அக்காலத்துச் சமய வழக்கங்கள் பற்றியது. எனினும் நமது பந்தியில் அமர்கின்றவரின் நிலையை எண்ணிப் பார்க்கும் கடமை நமக்கு உண்டு என்ற அடிப்படை இன்றைக்கும் பொருந்தும். வள்ளுவரும் விருந்தோம்பலுக்கென்று ஓர் அதிகாரத்தையே வகுத்து, நாம் முகம் திரிந்து நோக்கினாலே விருந்தினரின் மனம் வாடிவிடும் என்பதை உணர்த்தியிருக்கிறார். விருந்து என்பது தட்டின் நிறைவில் இல்லை, வந்தவரை அறிதலில் இருக்கின்றது.

நமது ஊர்களில் நத்தார்த் தட்டு ஓர் அழகிய வழக்கம். காலைத் திருப்பலி முடிந்ததும் பலகாரத் தட்டின் மேல் வெண்துணி மூடி, பிள்ளைகளின் கையில் கொடுத்து அயல் வீடுகளுக்கு அனுப்புகிறோம். இந்துச் சகோதரர் வீட்டுக்கும் இஸ்லாமியச் சகோதரர் வீட்டுக்கும் அது செல்கிறது. தைப்பொங்கலுக்கும் தீபாவளிக்கும் நோன்புப் பெருநாளுக்கும் அங்கிருந்து தட்டு நமக்கு வருகிறது. யுத்தமும் இடப்பெயர்வும் பலவற்றை அழித்தும் இவ்வழக்கம் அழியவில்லை. இதனை நிறுத்திவிடுமாறு எவரும் சொல்ல வேண்டாம். அத்தட்டில் என்ன வைக்கிறோம் என்பதையே சிந்திப்போம்.

1995ஆம் ஆண்டின் நத்தார்

இதை எழுதும்போது எனது சிறுபராயத்து நத்தார் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் ஒரே இரவில் இடம்பெயர்ந்தபோது எனக்குப் பதின்மூன்று வயது. அவ்வாண்டு நத்தாருக்குத் தென்மராட்சியில் ஓர் ஆலய வளவில், வேறு பல குடும்பங்களோடு ஒரு கொட்டிலில் தங்கியிருந்தோம். பொருளாதாரத் தடையின் காலம் அது. சீனி வாங்குவதற்கு வழியில்லை. மண்ணெண்ணெய் கிடைக்காமையால் ஜாம் போத்தல் விளக்கில் துளித் துளியாக எரித்துப் படித்தோம். பொரிப்பதற்கு எண்ணெய் என்பது நினைத்தும் பார்க்க முடியாதது.

நத்தாருக்கு முதல்நாள் எனது தாயார் எங்கிருந்தோ ஒரு சுண்டு பயறும், ஒரு குட்டான் பனங்கட்டியும், பாதித் தேங்காயும் தேடிக்கொண்டு வந்தார். பயற்றை ஓட்டில் வறுத்து, இரவல் திரிகையில் திரித்து, தேங்காய்ப்பூவை வறுத்துச் சேர்த்து, பனங்கட்டிப் பாணியில் குழைத்து உருண்டைகளாகப் பிடித்தார். எங்கள் வீட்டில் வழமையாக அவ்வுருண்டைகளை மாவில் தோய்த்துப் பொரித்துப் பயற்றம் பணியாரமாக ஆக்குவார்கள். அன்று பொரிக்க எண்ணெய் இல்லை. உருண்டைகளாகவே உண்டோம். பக்கத்துக் கொட்டிலில் இருந்த கர்ப்பிணித் தாய்க்கு இரண்டும், நோயுற்றிருந்த ஒரு பாட்டிக்கு ஒன்றும் கொடுத்த பின்னரே எங்களுக்குத் தலைக்கு ஒன்று கிடைத்தது.

பிற்காலத்தில் குருமடத்திலும் வெளிநாட்டுப் படிப்பின்போதும் எத்தனையோ நத்தார் விருந்துகளில் அமர்ந்திருக்கிறேன். அந்த ஓர் உருண்டையின் சுவை என் நாவை விட்டு நீங்கவில்லை. அன்று இல்லாமையினால் நாம் விட்டுவிட்ட எண்ணெயையும் குறைத்த சீனியையும் இன்று நமது உடல்நலம் விட்டுவிடவும் குறைக்கவும் கேட்கின்றது. வறுமையைப் புகழ்வதற்காக இதைச் சொல்லவில்லை. எந்தத் தாயும் அந்நிலைக்கு மீண்டும் தள்ளப்படக் கூடாது. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடியில் எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்றவர்களுக்கு அந்த வேதனையை விளக்க வேண்டியதில்லை. ஆனால் நமது மண்ணில் விளையும் பயறும் எள்ளும் பனையும் ஒரு விழாவைத் தாங்கப் போதுமானவை என்பதை அந்த நத்தார் எனக்குக் காட்டியது.

சில கணக்குகள்

உலக சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டில் வெளியிட்ட வழிகாட்டலின்படி, ஒருவர் உணவிலிருந்து பெறும் சக்தியில் 10 சதவீதத்திற்கும் குறைவாகவே சேர்க்கப்பட்ட சீனியிலிருந்து வர வேண்டும். அதனை 5 சதவீதத்திற்குக் குறைப்பது இன்னும் சிறந்தது. நாளொன்றுக்கு 2000 கலோரி உண்ணும் ஒருவருக்கு முதலாவது எல்லை ஏறத்தாழ 50 கிராம் சீனி. இரண்டாவது 25 கிராம், அதாவது ஐந்து அல்லது ஆறு தேக்கரண்டி. 100 மில்லிலீற்றரில் 10 கிராம் சீனி உள்ள குளிர்பானத்தில் ஒரு பெரிய குவளை, அதாவது 250 மில்லிலீற்றர் அருந்தினாலே அந்த 25 கிராமும் நிறைந்துவிடும். அதன்பின்னர் உண்ணும் கேக் யாவும் மேலதிகமே.

நமது நாட்டில் 2016ஆம் ஆண்டு முதல் குளிர்பானப் போத்தல்களில் சீனியின் அளவைக் காட்டும் நிறக் குறியீடு இடப்படுகிறது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேற்பட்டால் சிவப்பு, 2 கிராமிலிருந்து 11 கிராம் வரை செம்மஞ்சள், 2 கிராமுக்குக் குறைந்தால் பச்சை. கரோல் குழுவினருக்குப் பானம் வாங்கும் வீட்டார் அந்தச் சிறு வட்டத்தை ஒருமுறை உற்று நோக்குவது நல்லது. செம்மஞ்சள் என்றவுடன் கவலையின்றி அருந்தவும் இயலாது. மேற்சொன்ன குவளைக் கணக்கு செம்மஞ்சள் நிறத்துக்கு உரியதே.

உப்பைப் பொறுத்தவரை நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக உண்ண வேண்டும் என்பது அதே நிறுவனத்தின் ஆலோசனை. கடையில் வாங்கும் மிக்சர், பொரித்த பருப்பு, சிப்ஸ் வகைகளைக் கதைத்துக்கொண்டே கொறிக்கும்போது இவ்வெல்லை நம்மை அறியாமலே கடந்துவிடுகிறது. குருதி அமுக்கம் உள்ளவர்கள் இதில் விழிப்பாயிருக்க வேண்டும்.

வீட்டில் செய்யும் பலகாரம் என்பதால் மாத்திரம் அது நலமானது ஆகிவிடாது. நமது பாட்டிமார் செய்த சீனி அரியதரமும் எண்ணெயில் பொரித்ததே, சீனியில் மூழ்கியதே. ஆனால் வீட்டில் செய்கின்றபோது அகப்பை நம் கையில் இருக்கின்றது. எவ்வளவு சீனி, எந்த எண்ணெய், எத்தனை முறை காய்ச்சியது என்பதை நாமே தீர்மானிக்கலாம். அந்தச் சுதந்திரந்தான் இங்கே நமக்கு வேண்டியது.

அடுத்த ஆண்டு நாங்கள் செய்தவை

அம்முதியவரின் நிகழ்வுக்குப் பின்னர் வந்த திருவருகைக் காலத்தில், பங்கின் தாய்மார் சிலரை அழைத்து, இம்முறை முதியோர் பொதியை மண்டபத்திலேயே நாமே செய்வோம் என்றேன். முதலில் எதிர்ப்பே வந்தது. “சீனி குறைஞ்சால் ஒருத்தரும் வாயிலை வைக்கமாட்டினம், சுவாமி” என்றார் ஒருவர். “கஞ்சத்தனத்திலை குறைச்சுப்போட்டினம் எண்டு ஊர் கதைக்கும்” என்றார் மற்றொருவர். இரண்டாவது தடையே உண்மையில் பெரியது. இனிப்பின் அளவைக் கொண்டு மனத்தின் அளவைக் கணிக்கும் பழக்கம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. இறுதியில் ஒரு மூதாட்டி, “முதல்லை செய்து பாப்பம்” என்று கூறி உரலை இழுத்துப் போட்டார். அங்கே கற்றவற்றில் சிலவற்றை இங்கு தருகிறேன்.

பயற்றம் உருண்டை: பயறு 500 கிராம், சிவப்புப் பச்சையரிசி மா 100 கிராம், பாதித் தேங்காயின் துருவல், பனங்கட்டி 200 கிராம், மிளகு, சீரகம் ஒவ்வொரு தேக்கரண்டி, ஏலக்காய் சிறிதளவு. பயற்றை மணம் வரும்வரை இளஞ்சூட்டில் வறுத்துத் திரிக்க வேண்டும். தோலை முற்றாக நீக்காமல் ஓரளவு விட்டால் நார்ச்சத்து கிடைக்கும். அரிசி மாவையும் தேங்காய்ப்பூவையும் ஈரம் வற்றிப் பொன்னிறமாகும் வரை வறுத்து, மிளகு, சீரகப் பொடியோடு கலந்துகொள்ளவும். பனங்கட்டியை முக்கால் கோப்பை நீரில் கரைத்து, மண் இருக்கக்கூடுமாதலால் வடிகட்டி, கையில் ஒட்டும் பதம்வரை காய்ச்சிச் சூட்டோடு மாவில் ஊற்றிக் குழைத்து, சிறிய தேசிக்காய் அளவில் பிடிக்க வேண்டும். நாற்பது உருண்டைகள் வரும். அப்படியாயின் ஓர் உருண்டையில் உள்ள பனங்கட்டி 5 கிராம் மாத்திரமே.

எங்களது முதற் கலவை உதிர்ந்து போயிற்று. பாணி குறைந்தால் பிடிப்பும் குறையும். அதே மூதாட்டி கொதிநீரைச் சிறிது சிறிதாகத் தெளித்து, கை பொறுக்கும் சூட்டிலேயே அழுத்திப் பிடிக்கச் சொன்னார். உருண்டை நின்றது. ஆனால் ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். சீனி சுவை தருவதோடு பலகாரத்தைக் கெடாமலும் காக்கின்றது. அதைக் குறைத்து, நீரும் தெளித்தால் நான்கைந்து நாட்களுக்கு மேல் வைத்திருக்க இயலாது. ஆகவே அளவாகச் செய்து விரைவில் பகிர வேண்டும். பாலைநிலத்தில் இஸ்ரயேலருக்குக் கிடைத்த மன்னாவும் சேர்த்து வைத்தபோது கெட்டுப்போனது அன்றோ!

எள்ளுருண்டை: கறுப்பு எள் 250 கிராமை மண் போகக் கழுவி உலர்த்தி, வெடிக்கும் வரை வறுத்து, ஆறியபின் 100 கிராம் பனங்கட்டித் துருவலும் ஒரு சிட்டிகை உப்பும் சேர்த்து உரலில் இடித்தால், எள்ளிலிருந்து கசியும் நெய்யே அதனைப் பிணைத்துவிடும். பாணி வேண்டாம், வேறு எண்ணெயும் வேண்டாம். தோல் நீக்காத எள்ளில் கல்சியமும் இரும்புச் சத்தும் நிறைந்துள்ளன. வளரும் பிள்ளைகளுக்கும் தாய்மாருக்கும் ஏற்ற தின்பண்டம் இது. சக்தி மிகுந்த உணவாதலால் ஒன்றோ இரண்டோ போதும்.

குரக்கனும் புழுக்கொடியலும்: குரக்கன் மாவில் 100 கிராமுக்கு 300 மில்லிகிராமுக்கு மேற்பட்ட கல்சியம் உண்டு. அதை வறுத்து, வறுத்த தேங்காய்ப்பூவும் இடித்த கச்சானும் சேர்த்து, சிறிது பனங்கட்டிப் பாணியில் உருண்டையாக்கலாம். புழுக்கொடியலை இடித்த மாவில் தேங்காய்ப்பூவும் சிறிதளவு பனங்கட்டியும் கலந்து பிடிக்கும் உருண்டையை யாழ்ப்பாணத்துப் பழைய தலைமுறையினர் நன்கறிவர். நார்ச்சத்து மிக்க அதனை இன்றைய பிள்ளைகளுக்கும் அறிமுகம் செய்வோம்.

காரத் தின்பண்டங்கள்: இரவில் நெடுந்தூரம் நடந்துவரும் கரோல் குழுவினருக்கு இளஞ்சூடான கடலைச் சுண்டலைவிடச் சிறந்தது வேறில்லை. முதல்நாள் ஊறவைத்த கடலையை அவித்து, கடுகு, செத்தல் மிளகாய், கறிவேப்பிலை தாளித்து, தேங்காய்ச் சொட்டுக்களைச் சேர்த்தால் போதும். அவித்த கௌபியும் கச்சானும் அவ்வாறே. முறுக்கு இல்லாமல் நத்தார் நத்தாராகாது என்பவர்கள், எண்ணெய் நன்கு காய்ந்த பின்னரே பிழிய வேண்டும். குறைந்த சூட்டில் பிழிந்தால் முறுக்கு எண்ணெயைக் குடித்துவிடும். புகையுமளவுக்குக் காய்ச்சுவதும், ஒருமுறை பொரித்துக் கறுத்த எண்ணெயை மீண்டும் மீண்டும் பயன்படுத்துவதும் தீங்கானவை.

ரிச் கேக்: இதை விட்டுவிடுமாறு சொன்னால் வாசகர்கள் இப்பக்கத்தையே விட்டுவிடக்கூடும்! ரவை, முட்டை, மரமுந்திரிகைப் பருப்பு, முந்திரிகை வற்றல், நீற்றுப்பூசணித் தோசி, இஞ்சிப் பாகு எனச் செறிந்த அந்தக் கேக்கைச் சிறு துண்டுகளாக வெட்டிக் கடதாசியில் சுற்றிக் கொடுப்பதே நமது நாட்டு வழக்கம். அந்தச் சிறு துண்டிலேயே ஒரு ஞானம் உள்ளது. அது ஒன்று உண்டு மகிழ்வதற்கானது. தட்டு நிறைய உண்பதற்கானதன்று. மாஜரின் வாங்குவோர் அதன் உறையில் ‘டிரான்ஸ்’ கொழுப்பு பற்றிய விபரத்தைப் பார்த்து வாங்கட்டும். தொழில்முறையில் உருவாகும் அந்தக் கொழுப்பை உணவிலிருந்தே அகற்றுமாறு 2018ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் அனைத்து நாடுகளையும் கேட்டுக்கொண்டது. இதயத்திற்கு அது அவ்வளவு கேடானது.

மூன்று எச்சரிக்கைகள்

முதலாவது, பனங்கட்டியும் குரக்கனும் நீரிழிவுக்கு மருந்து என்ற எண்ணம் நம்மிடையே பரவியிருக்கிறது. அது தவறு. பனங்கட்டியும் இனிப்பே, குருதியில் சீனியை அதுவும் ஏற்றும். குரக்கனும் மாப்பொருளே. நீரிழிவு உள்ளவர்களுக்கு இவ்வுருண்டைகளிலும் அளவு உண்டு. அவர்கள் தமது வைத்தியரின் சொல்லையே பின்பற்ற வேண்டும். சுண்டலும் கச்சானும் கொய்யாப்பழமும் ஒரு தனித் தட்டில் இருக்குமாயின், அவர்களும் நம்மோடு அமர்ந்து கூச்சமின்றி உண்ணலாம். சிறுநீரக நோய் உள்ளவர்களுக்கோ பருப்பு வகைகளிலும் கட்டுப்பாடு இருக்கலாம், கேட்டறிந்தே கொடுப்போம்.

இரண்டாவது, வடக்கு, கிழக்கில் மார்கழி மாரிமழையின் காலம். மாவை வெயிலில் உலர்த்த இயலாது. ஆகவே நன்கு வறுத்து, முற்றாக ஆறவிட்டு, ஈரமற்ற தகரப் பேணியில் அடைக்க வேண்டும். பூஞ்சணம் பிடித்த கச்சானைக் கழுவியோ வறுத்தோ பயன்படுத்தலாம் என்று எண்ண வேண்டாம். அதில் உண்டாகும் நஞ்சு வறுப்பதால் முற்றாக அழியாது, ஈரலைத் தாக்கும். நிறம் மாறியதை எறிந்துவிடுவதே நன்று.

மூன்றாவது, கச்சான், எள், மரமுந்திரிகை ஆகியன சிலரது உடலுக்கு ஒவ்வாதவை. முழுக் கச்சான், கடலை போன்றவை சின்னஞ்சிறு குழந்தைகளின் தொண்டையில் சிக்கக்கூடும். அயல் வீட்டுப் பிள்ளையின் கையில் கொடுக்கும்முன் அதன் தாயிடம் ஒரு வார்த்தை கேட்பது மரியாதைக் குறைவாகாது. அதுவே மெய்யான அக்கறை.

நான்கு கிழமைகள், நான்கு செயல்கள்

திருவருகைக் காலத்தின் நான்கு ஞாயிறுகளும் நமது அடுப்படிக்கும் ஓர் ஒழுங்கைத் தரக்கூடும். முதலாவது கிழமையில் ஒரு தாளை எடுத்து, நமது தட்டு யார் யாருக்குச் செல்லும் என்று எழுதுவோம். ஒவ்வொரு பெயருக்கும் அருகில், அவர் உண்ணக்கூடியது எது என்பதையும் குறிப்போம். அந்தப் பட்டியலே ஒரு செபமாக அமையும். அப்பெயர்களுக்காக அன்றிரவு குடும்பமாக மன்றாடுவோம்.

இரண்டாவது கிழமையில் பயறு, எள், அரிசி மா ஆகியவற்றை வறுத்து ஆயத்தம் செய்வோம். மூன்றாவது ஞாயிறு மகிழ்ச்சியின் ஞாயிறு. அக்கிழமையில் பிள்ளைகளையும் ஆண்களையும் அடுப்படிக்கு அழைத்து, எள் இடிப்பதையும் முறுக்குப் பிழிவதையும் அனைவரும் சேர்ந்து செய்வோம். தாய் ஒருத்தி தனியே களைத்து, நள்ளிரவுத் திருப்பலியில் தூங்கி வழியும் நிலை கிறிஸ்து பிறப்புக்கு அழகன்று. நான்காவது கிழமையில், கெடக்கூடிய பயற்றம் உருண்டையைச் செய்து, வீட்டு வாசலைத் தாண்ட இயலாத ஒருவருக்கு முதலில் கொண்டுசெல்வோம். திருப்பிக் கொடுக்க வழியற்றோரை விருந்துக்கு அழையுங்கள் என்று லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் போதித்தது நமது நத்தார்த் தட்டுக்கும் உரியதே.

அப்பத்தின் வீட்டில்

பெத்லகேம் என்ற எபிரேயப் பெயருக்கு அப்பத்தின் வீடு என்பது பொருள். அந்த ஊரில் பிறந்த பாலனைத் தாய் மரியா தீவனத் தொட்டியில் கிடத்தினார். தீவனத் தொட்டி என்பது உணவு வைக்கப்படும் இடம். உலகுக்கு உணவாக வந்தவர் தமது முதல் நாளிலேயே உணவின் இடத்தில் கிடத்தப்பட்டார் என்று திருச்சபையின் தந்தையர் தியானித்தனர். தம்மையே நமக்கு உணவாகத் தரும் அவர், நாம் வாழ்வு பெறும்படியே தருகிறார். அவரது பிறப்பின் பெயரால் நாம் பிறருக்குக் கொடுக்கும் உணவும் அவர்களுக்கு வாழ்வளிப்பதாக இருக்க வேண்டாமா?

அந்தத் தபால்காரப் பெரியவருக்கு மறு ஆண்டும் பொதி கொண்டுசென்றேன். ஊன்றுகோலை ஊன்றி வாசலுக்கு வந்தார். பொதிக்குள் அவித்த கச்சானும், நான்கு சிறிய எள்ளுருண்டைகளும், இரண்டு கொய்யாப்பழங்களும், ஒரு சோடி மெல்லிய பருத்திக் காலுறையும் இருந்தன. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தவர், காலுறையைக் கையில் வைத்துக்கொண்டு சற்று நேரம் பேசாதிருந்தார். பின்னர், “இது எனக்கெண்டே கட்டின பொதி, சுவாமி” என்றார்.

அன்பார்ந்தவர்களே, இந்த நத்தாரில் நமது தட்டைப் பெறும் ஒவ்வொருவரும் அவ்வாறே உணர்வார்களாக. உங்கள் அடுப்படிகளிலும் இல்லங்களிலும் பாலன் இயேசுவின் ஆசீர் நிறைவாய்த் தங்குவதாக. அனைவருக்கும் இனிய கிறிஸ்து பிறப்பு விழா நல்வாழ்த்துக்கள்.